எதிர்ப் பெட்டி

ராட்டினத்தில் ஏறுவதற்காக ஒரு குடும்பம் வரிசையின் முன்னால் வந்து நிற்கும்போது, அவர்களுடைய முகங்களைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே என் கண் அவர்களை எடை போட்டுவிடுகிறது. அப்பா 80 கிலோ இருப்பார், அம்மா 65, பிள்ளைகள் இருவரும் சேர்ந்து 45; ஆக மொத்தம் 190. இவர்களுக்கு எதிரே யாரை உட்கார வைப்பது என்று வரிசையின் பின்பகுதியைத் தேடத் தொடங்குவேன். கூடவே வந்த சித்தப்பா குடும்பம் அடுத்த பெட்டியிலேயே ஏறிக்கொள்ளலாம் என்று காலை எடுத்து வைக்கும். "அண்ணே, நீங்க கொஞ்சம் நில்லுங்க. உங்களுக்கு எதிர்ப் பெட்டி" என்பேன். "காசு கொடுத்துத்தானே ஏறுறோம், சேர்ந்து உட்கார விட மாட்டியா?" என்று அவர் கேட்பார். பதினாறு ஆண்டுகளாக இந்தக் கேள்வியை நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பின்னால் நூறு பேர் நிற்கையில் விளக்கம் சொல்ல நேரம் இருப்பதில்லை என்பதால், அந்த விளக்கத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்களுடைய ராட்டினத்தில் 16 பெட்டிகள் உள்ளன. ஜனங்கள் தொட்டில் என்பார்கள்; நாங்கள் பெட்டி என்போம். பெட்டிக்கு நான்கு பேர் வீதம் 64 பேர் உட்காரலாம். உயரம் ஏறத்தாழ 50 அடி. ஒன்றாம் பெட்டிக்கு எதிரே இருப்பது ஒன்பதாம் பெட்டி, ஐந்துக்கு எதிரே பதின்மூன்று. ஒன்றில் ஆள் ஏற்றினால், அரைச் சுற்று சுற்றி ஒன்பதில் ஏற்ற வேண்டும். பிறகு கால் சுற்றுச் சுற்றி ஐந்தில், அதற்கடுத்துப் பதின்மூன்றில். கீழே நிற்பவர்களுக்கு இது வீண் வேலையாகத் தெரியும். அருகருகே இருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு ஆகிய பெட்டிகளை வரிசையாக நிரப்பிவிட்டால், எழுநூறு எண்ணூறு கிலோ ஒரே பக்கத்தில் சேர்ந்துவிடும், மறுபக்கமோ காலியாக இருக்கும். கிணற்று ஏற்றத்தில் ஒரு முனையில் மட்டும் ஆள் நின்றால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும். பாரமான பக்கம் தன் விருப்பத்துக்குக் கீழே இறங்கப் பார்க்கும், அதை மேலே தூக்க மோட்டார் திணறும், சக்கரத்தைச் சுற்றும் கம்பி வடம் வழுக்கும், பிரேக் பிடித்தாலும் சக்கரம் முன்னும் பின்னும் ஊசலாடும். எடை இருபுறமும் சமமாக இருந்துவிட்டாலோ, மின்சாரம் போன நேரத்திலும் இரண்டு பேர் விளிம்பைப் பிடித்து இழுத்தே அதைச் சுற்றிவிடலாம்.

எனவே சித்தப்பா குடும்பத்தை நான் பிரிப்பது அவர்கள் மீதுள்ள வெறுப்பினால் அல்ல. ஒரு விதத்தில் பார்த்தால், அண்ணன் குடும்பத்தை மேலே தாங்கிப் பிடித்திருப்பது தம்பி குடும்பத்தின் எடைதான்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது என் தாய்மாமன் வழியாக. பிளஸ் டூ முடித்த விடுமுறையில், டிக்கெட் கிழிப்பதற்கு ஆள் இல்லை என்று மாமா என்னை ஒரு திருவிழாவுக்குக் கூட்டிப் போனார். அந்தத் திருவிழாவிலிருந்து நான் இன்னும் வீடு திரும்பவில்லை என்று அம்மா சொல்வதுண்டு. மாமாவிடம் அப்போது ஒரு குடை ராட்டினமும் பழைய தொட்டில் ராட்டினமும் இருந்தன. பிறகு கடன் வாங்கி இந்தப் பெரிய சக்கரத்தை எடுத்தார். மைதானத்தில் பாதிப் பேர் இதை 'ஜாயிண்ட் வீல்' என்றே சொல்கிறார்கள். ஜெயண்ட் என்று திருத்துவதற்கு நான் முயல்வதில்லை. ஜாயிண்ட்டுகளைப் பூட்டுவதும் பிரிப்பதுமே வாழ்க்கையாகிவிட்ட எனக்கு அந்தப் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது.

எங்கள் ஆண்டு பஞ்சாங்கத்தைப் பார்த்து நடப்பது. மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, பங்குனியில் விருதுநகர் பொங்கல், சித்திரைக் கடைசியில் தேனிக்கு அருகே வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா, ஜூலை 26-ஆம் தேதி கொடியேறி ஆகஸ்ட் 5 வரை நடக்கும் தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழா, ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி, புரட்டாசியில் குலசேகரப்பட்டினம் தசரா. எல்லா ஆண்டும் எல்லா ஊரும் அமையாது. மைதானத்தை ஏலம் எடுத்தவர் யாரை அழைக்கிறார், தரை வாடகை எவ்வளவு கேட்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் சக்கரத்துக்கு ஓய்வு. எங்களுக்கு ஓய்வில்லை, துரு சுரண்டுவது, வெல்டிங் வைப்பது, வர்ணம் அடிப்பது எல்லாம் அந்த இரண்டு மாதங்களில்தான்.

ஊருக்கு ஊர் மாறுவது சாமி மட்டுமல்ல, மண்ணும் மாறும். விருதுநகர்ப் பக்கம் கரிசல். பங்குனி வெயிலில் அது பாளம் பாளமாக வெடித்து இரும்பைப் போல இறுகிக் கிடக்கும். ஒரு கோடை மழை பெய்துவிட்டால் ஊறி உப்பிப் பிசைந்த மாவைப் போல ஆகிவிடும். வீரபாண்டியில் முல்லையாற்றங்கரை, மணல் கலந்த மண். வேளாங்கண்ணியில் கடல் மணல், அதோடு உப்புக்காற்று. பத்து நாள் நின்றால் போதும், போல்ட்டின் மரையில் செம்பொடி பூத்துவிடும். ராட்டினம் பூட்டுவதற்கு முன்பு நாங்கள் அரை நாள் செலவிடுவது தரையில்தான். மேல்மண்ணை வெட்டி எடுத்துத் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளை அடுக்கி, அடிச்சட்டத்தை வைத்து, ரசமட்டத்தால் சாய்வு பார்ப்போம். நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை, மூலைக்கு மூலை ஒரு முறை. அடிச்சட்டத்தில் அரை அங்குலம் சாய்வு இருந்தால் 50 அடி உயரத்தில் அது எத்தனை அங்குலமாகும் என்பதை மாமா எனக்குப் பள்ளிக்கூடக் கணக்காகச் சொல்லித் தரவில்லை; ஒரு குச்சியை நட்டு, அதன் அடியில் ஒரு கூழாங்கல்லைச் செருகிக் காட்டினார். மழை பெய்த இரவுக்கு அடுத்த காலையில், பல் விளக்குவதற்கு முன்னால் ரசமட்டத்தைக் கையில் எடுக்கும் பழக்கம் அன்று வந்ததுதான்.

பொதுமக்கள் எங்களைப் பார்ப்பது மாலை ஐந்து மணிக்கு மேல். எங்கள் நாளோ காலை ஒன்பதுக்குத் தொடங்குகிறது. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குச் சக்கரத்தைக் கட்டிவிட்டு, லாரிக்கு அடியிலோ டிக்கெட் கூண்டுக்குப் பின்னால் கட்டிய தார்ப்பாயிலோ படுத்தவர்கள் ஒவ்வொருவராக எழுவோம். தண்ணீர் லாரி வந்த நாள் குளியல் உண்டு. எங்கள் குழுவில் ஒன்பது பேர். அவர்களில் ஐவர் பீகாரிலிருந்து வந்தவர்கள். சமையலும் அவர்களில் ஒருவர்தான் என்பதால், காலையில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் சாப்பிட நாங்கள் பழகிவிட்டோம். இரவில் ரசம் கேட்பதற்கு அவர்கள் பழகிவிட்டார்கள்.

சாப்பிட்ட பிறகு சோதனை. ஒருவர் சிறு சுத்தியலோடு ஏறிப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார். இறுகியிருக்கும் போல்ட் 'ணங்' என்று சொல்லும். தளர்ந்தது 'டொக்' என்று வாயடைத்துப் பேசும். நான் கீழே நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் பாட்டுப் பெட்டி அலறத் தொடங்குவதற்கு முன்பாக இதை முடித்துவிட வேண்டும் என்பதுதான் காலையில் செய்வதற்குக் காரணம். அடுத்தது வடம். சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி ஓடும் கம்பி வடம்தான் மோட்டாரின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்துகிறது. வடத்தைக் கண்ணால் பார்த்தால் போதாது. ஒரு கை வேஸ்ட் துணியை அதன்மேல் சுற்றிப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தை மெல்ல நகர்த்த வேண்டும்; எங்காவது ஓர் இழை அறுந்திருந்தால் துணி அங்கே சிக்கிக்கொள்ளும். வெறுங்கையால் பார்த்து உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டவர்கள் எங்கள் தொழிலில் நிறையப் பேர் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்.

மூன்றாவது, பெட்டிகளைத் தாங்கும் பின்கள். பெட்டிக்கு இரண்டு வீதம் 32. ஒவ்வொரு பின்னும் நழுவாமல் இருப்பதற்காக அதன் முனையில் ஒரு ஸ்பிளிட் பின் செருகி விரித்துவிடப்பட்டிருக்கும். சில ரூபாய் விலையுள்ள அந்தச் சிறு கம்பியை ஒருமுறை கழற்றினால் மறுபடி போடக் கூடாது. விரித்து மடக்கிய இடத்தில் அது பலமிழந்திருக்கும். இதைத் தெரிந்துகொண்டே பழைய கம்பியைச் சுத்தியலால் நிமிர்த்திப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்களோடு நான் ஒரு வேளை டீ கூடக் குடிப்பதில்லை. தொழிலில் இருக்கும் பலரும் இதை அளவுக்கு மீறிய பிடிவாதம் என்கிறார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.

பொதுப்பணித் துறையின் உறுதிச் சான்று, தீயணைப்புத் துறை, காவல் துறை, தற்காலிக மின் இணைப்பு என்று அலுவலகங்களுக்கு அலைவது மாமாவின் வேலை. அதைப்பற்றி எழுதினால் அதற்கே ஒரு தனிக் கட்டுரை ஆகும்.

மாலையில் விளக்கு ஏற்றிய பிறகு நான் லீவரின் பக்கம் போய்விடுவேன். வலது கையில் கிளட்ச், காலடியில் பிரேக். பெட்டிக் கதவருகே நிற்பவர்களுடன் பேச்சு கிடையாது. மரணக் கிணற்றின் மோட்டார் சைக்கிள் இரைச்சலிலும், நான்கு கடைகளின் ஒலிபெருக்கிகளிலும் எந்தப் பேச்சும் காதில் விழாது. எல்லாம் கைச் சாடைதான். உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து, விரலைச் சுழற்றினால் நகர்த்து, முஷ்டி பிடித்தால் கதவு பூட்டியாயிற்று. அவசரம் என்றால் மட்டும் விசில். விசில் கேட்டால் காரணம் கேட்காமல் நிறுத்திவிட வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள ஒரே சட்டம்.

ஏறுபவர்களிடம் நாங்கள் கெஞ்சுவது மூன்று விஷயங்களுக்காக. முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், பின்னலை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள், கைபேசியை உள்ளே வையுங்கள். திருவிழாவுக்கென்று தலை நிறையப் பூ வைத்து, பின்னலைத் தொங்கவிட்டு வரும் பெண்களிடம் "அக்கா, ஜடையை முன்னாடி எடுத்துப் போட்டுக்குங்க" என்று சொல்லும்போது சிலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். சுழலும் இரும்புக்குப் பட்டும் தெரியாது, கூந்தலும் தெரியாது. குடித்துவிட்டு வருபவர்களை ஏற்றுவதில்லை. அதனால் வரும் சண்டைகளில் என் சட்டை இரண்டு முறை கிழிந்திருக்கிறது. அடுத்த தெருவைச் சேர்ந்த இளைஞன் பெட்டியை வேண்டுமென்றே ஆட்டினால், உச்சிக்குப் போகும்போது வேகத்தைக் குறைத்து இரண்டு நொடி அங்கேயே நிறுத்திவைப்பேன். கீழே பார்த்துவிட்டான் என்றால் பெரும்பாலும் அடங்கிவிடுவான். இது விதிப்படி சரியா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு நொடி. நிமிடத்துக்கு ஐந்து சுற்று. இதற்கு மேல் ஓட்டச் சொல்லி மேலேயிருந்து கூச்சல் போடுவார்கள். ஓட்டுவதில் பெரிய திறமை எதுவும் இல்லை. நிறுத்துவதில்தான் கை தெரிய வேண்டும். எந்தப் பெட்டி வாசலுக்கு நேராக வர வேண்டுமோ, அதற்கு இரண்டு பெட்டி முன்னதாகவே கிளட்ச்சை விட்டுவிட்டு, மீதியைச் சக்கரத்தின் எடையிடமே ஒப்படைத்து, கடைசி ஓர் அடியில் பிரேக்கைத் தொட வேண்டும். தேரோட்டம் நடக்கும் ஊர்களில், வேலைக்கு இடையே ஓடிப்போய் நான் பார்ப்பது தேரை அல்ல. சக்கரத்துக்கு அருகிலேயே குனிந்தபடி நடந்து முட்டுக்கட்டை போடுபவரைத்தான். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுப்பதை, உரிய நேரத்தில் ஒரு கட்டையைக் கொடுத்துத் திருப்பவும் நிறுத்தவும் செய்கிறார். அவரை யாரும் படம் எடுப்பதில்லை.

1893-இல் சிகாகோவில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் என்ற பொறியாளர் 264 அடி உயரச் சக்கரத்தை நிறுத்தினார். 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர், ஒரே நேரத்தில் 2,160 பேர் ஏறலாம். முதல் சுற்றில் ஆறு முறை நிறுத்தி ஆட்களை ஏற்றி இறக்குவார்களாம்; இரண்டாவது சுற்று நிற்காமல் ஒன்பது நிமிடம். இதைப் படித்தபோது எனக்கு உயரம் வியப்பைத் தரவில்லை. அந்த ஆறு நிறுத்தங்களில் லீவரைப் பிடித்திருந்த கை யாருடையது, எதிர்ப் பெட்டிக் கணக்கை அவன் எப்படிப் பார்த்தான் என்பதுதான் அன்றிரவு முழுவதும் மனத்தில் ஓடியது.

காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; எங்களுக்கோ ஆடியில்தான் தூத்துக்குடி. காற்றின் வேகத்தை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. நான்கு மூலைகளிலும் கட்டிய கொடிகள்தான் கருவி. கொடி படபடத்தால் ஓட்டலாம். கிழிவது போல விறைத்து நின்றால் புதிதாக ஆள் ஏற்றக் கூடாது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை இரவு, ஐம்பது பேருக்கு மேல் ஏறியிருந்த நேரத்தில் கொடிகள் விறைத்துவிட்டன. விசில் அடித்து வேகத்தைக் குறைத்தேன். எல்லோரையும் உடனே இறக்கிவிடலாம் என்று கீழே நிற்பவர்கள் நினைப்பார்கள். ஏற்றியதைப் போலவே எதிரும் எதிருமாகத்தான் இறக்க வேண்டும். வரிசையாக இறக்கினால் காலியான பக்கம் இலேசாகி, காற்றோடு சேர்ந்து சக்கரம் நம் கையை மீறிவிடும். ஒன்றைக் காலி செய்து, அரைச் சுற்று, ஒன்பதைக் காலி செய்து, கால் சுற்று. பதினொரு நிமிடங்கள் ஆயின. கடைசிப் பெட்டியில் இருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் இறங்கியதும், "எங்களை மட்டும் ஏன் கடைசி வரைக்கும் சுத்த விட்டீங்க?" என்று அழுதுகொண்டே கேட்டார்கள். அவர்கள் இருவரும் ஒல்லியானவர்கள், தனியாக மிஞ்சினாலும் சக்கரத்தை இழுக்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். அதை அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? "மன்னிச்சுக்குங்கம்மா" என்றேன்.

அரை மணி நேரத்தில் காற்று ஓய்ந்துவிட்டது. பக்கத்து ராட்டினங்கள் நிற்காமலேயே ஓடிக்கொண்டிருந்ததால் கூட்டம் அங்கே போய்விட்டது. சனிக்கிழமை வசூல் போயிற்று. மாமா கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு மூடி வைத்தார், ஒன்றும் பேசவில்லை. நான் செய்தது சரி என்று அவர் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வசூலைப் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் உண்டு. ஆளுக்கு 80 ரூபாய், 64 பேர், ஒரு தடவைக்கு 5,120 ரூபாய் என்று வரிசையில் நின்றே கணக்குப் போட்டுவிட்டு, "அள்ளுறீங்களேப்பா" என்பார்கள். ஏற்றி இறக்குவதற்கே ஆறேழு நிமிடம் ஆகும், சுற்றுவது மூன்று நிமிடம். ஆக மணிக்கு ஆறு தடவை. எல்லாப் பெட்டியும் நிறைவது சனி, ஞாயிறு, தேர் நாள் ஆகியவற்றில் மட்டும்தான். மற்ற நாட்களில் எதிர்ப் பெட்டிக்கு ஆள் கிடைக்காமல், எங்கள் பையன்களே இருவர் ஏறி உட்கார்ந்து எடை கொடுப்பதும் உண்டு. தரை வாடகை முன்பணமாகப் போய்விடும். அதன் பிறகு டீசல், லாரி, கிரேன், ஒன்பது பேர் சாப்பாடு, பேட்டா, கடனுக்கு வட்டி. எட்டு நாள் திருவிழாவில் முதல் நான்கு நாட்கள் வாடகைக்கு என்றால், மீதி நான்கில் ஒரு நாள் மழை பெய்தால் என்ன மிஞ்சும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது எங்கள் சக்கரம் ஓர் ஊரில் பங்குனித் திருவிழாவுக்காகப் பூட்டி முடித்த நிலையில் இருந்தது. பிரிப்பதற்குக் கிரேன் இல்லை, கொண்டுபோக லாரி இல்லை. பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, ஆளில்லாத மைதானத்தில் அதற்குக் காவலாக உட்கார்ந்திருந்தோம். பீகாரிலிருந்து வந்த பையன்களுக்கும் எங்களுக்கும் அந்த ஊர்க்காரர்கள் அரிசி, பருப்பு கொடுத்தார்கள். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கே மக்கள் கூடவில்லை என்னும்போது, எங்கள் ராட்டினத்தை யார் அழைக்கப் போகிறார்கள்? நான் ஒரு லாரி செட்டில் மூட்டை ஏற்றினேன். குடை ராட்டினத்தை மாமா இரும்பு எடைக்குப் போட்டார். எடை பார்த்தே பிழைத்த குடும்பம் கடைசியில் தராசில் நின்றது என்று அத்தை சொன்னார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஒரு திருவிழா முடியும் இரவில்தான் எங்களுக்கு உண்மையான வேலை. கடைசி ஆள் இறங்கியவுடன் விளக்குச் சரங்கள் அவிழும், பிறகு பெட்டிகள், விளிம்பு, ஆரக்கால்கள், நடு அச்சு, தூண்கள். பூட்டுவதற்கு இரண்டு நாள், பிரிப்பதற்கு ஓர் இரவு. பிரித்த ஒவ்வொன்றும் எண்ணிச் சாக்கில் போடப்படும். 32 பின்னும் சாக்கில் விழுந்த பிறகே லாரி நகரும் என்பது மாமா வைத்த ஒழுங்கு.

சென்ற முறை வீரபாண்டியில் 31 மட்டுமே வந்தன. அதிகாலை மூன்று மணி. அடுத்த ஊரில் அன்று மாலையே பூட்டத் தொடங்க வேண்டும். புதிதாக ஒன்று கடைந்துகொள்ளலாம் என்று லாரி ஓட்டுநர் சொன்னார். கைபேசி வெளிச்சத்தில் ஒன்பது பேரும் குனிந்துகொண்டு, கரும்புச் சக்கையையும் டெல்லி அப்பளத் துண்டுகளையும் காலால் விலக்கித் தேடினோம். பெட்டிகள் இருந்த இடம், லாரி நின்ற இடம், டிக்கெட் கூண்டு, எங்கும் இல்லை. விடிந்து ஆற்றில் குளிக்க ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு, கடைசியாக ஏற்றுவதற்காக அடிக்கட்டையைப் புரட்டியபோது, அதன் கீழே ஈர மண்ணில் அழுந்திக் கிடந்தது. மாமா அதை எடுத்து வேட்டியில் துடைத்துச் சாக்கில் போட்டுவிட்டு, முதலிலிருந்து இன்னொரு முறை எண்ணச் சொன்னார்.